ப்ளூஸ் வாசிக்க யுகுலேலேயில் எந்தக் கம்பி, எந்த ட்யூனிங்?

மரப்பெட்டி | சனி, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கான்சர்ட் அளவு யுகுலேலே. மஹோகனி உடம்பு, வாங்கும்போதே மாட்டியிருந்த வெள்ளைக் கம்பி, வழக்கமான ஜி-சி-ஈ-ஏ ட்யூனிங், ஹை ஜி (ஜி கம்பி சி-யை விட மேல் சுருதியில் இருப்பது). இரண்டு வருடமாகப் பாட்டுக்குக் கார்ட் பிடித்து வாசிக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மிசிசிப்பிப் பக்கத்து டெல்டா ப்ளூஸ் காதில் விழுந்தது. சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன் என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டைவிரல்! மற்ற விரல்கள் மேலே என்ன பேசினாலும் அது கீழே நடையை விடுவதில்லை. அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பன்னிரண்டு பார் (தாளக்கட்டு) சுற்றை என் யுகுலேலேயில் சி7, எஃப்7, ஜி7 வைத்து வாசித்தால் கடற்கரைப் பாட்டு மாதிரி கேட்கிறது. அழுத்தமே இல்லை.

ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் லோ ஜி கம்பியைப் போட்டே ஆகவேண்டுமா? நைலானா, ஃபுளூரோகார்பனா, உலோகம் சுற்றிய கம்பியா? கம்பியை வளைத்தால் சுருதி ஏறமாட்டேன் என்கிறது, அது கம்பியின் குறையா, என் விரலின் குறையா? இல்லை, பேசாமல் இன்னும் பெரிய யுகுலேலேயான பாரிடோன் வாங்கிவிடலாமா? இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரு செட் கம்பிக்கான காசு. வாத்தியத்துக்கு இனிமேல்தான் சேர்க்கவேண்டும்.


தந்திமீட்டி | சனி, இரவு 11:25

கம்பி வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் வாசிக்கும் கீயை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் வாத்தியத்தில் ப்ளூஸின் வீடு ஏ. விரலே வைக்காமல் நாலு கம்பியையும் மீட்டுங்கள்: ஜி, சி, ஈ, ஏ. ஏ மைனர் பென்டடானிக்கில் இருப்பவை ஏ, சி, டி, ஈ, ஜி. ஐந்தில் நாலு ஸ்வரம் சும்மாவே கிடக்கிறது. மிச்சமுள்ள டி, சி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில். அதற்கு அடுத்த ஃப்ரெட் ஈ ஃபிளாட், ப்ளூஸுக்கே உரிய அந்தக் கசப்பான ஐந்தாம் ஸ்வரம். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி, ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் சி. மூன்று ஃப்ரெட்டுக்குள் மொத்தச் சரக்கும் முடிந்துவிட்டது. கிட்டார்காரர்கள் ஈ கீயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் நமக்கு ஏ.

கார்ட்: ஏ7 என்பது 0-1-0-0. டி7 என்பது 2-2-2-3, அல்லது சோம்பலான பிடியாக 2-0-2-0. ஈ7 என்பது 1-2-0-2. (எண்களை ஜி, சி, ஈ, ஏ என்ற வரிசையில் படியுங்கள்.)

இப்போது முக்கியமான ஒன்று. ஏ7 பிடியில் சி கம்பியின் முதல் ஃப்ரெட்டை உடனே அழுத்தாதீர்கள். அதைத் திறந்து மீட்டி, சத்தம் வந்ததும் ஆள்காட்டி விரலை அதன்மேல் தட்டி இறக்குங்கள். சி, சி ஷார்ப் ஆகும். மைனர் மூன்றாவதிலிருந்து மேஜர் மூன்றாவதுக்கு ஒரு உரசல். ப்ளூஸ் குடியிருப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். வளைக்காமலே உங்களுக்கு அது கிடைக்கும்.

சுற்றின் கடைசி இரண்டு பாரில் திரும்பி வருவதற்கு ஈ கம்பியில் 3, 2, 1, 0 என்று இறங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் கூடவே திறந்த ஏ கம்பி ஒலிக்கட்டும். முடிவில் ஈ7. இதற்கு ஹை ஜி, லோ ஜி என்ற பேதமே இல்லை, இரண்டிலும் ஒன்றுதான்.

செய்துவிட்டுச் சொல்லுங்கள்.


மரப்பெட்டி | ஞாயிறு, காலை 8:15

காலையில் எழுந்ததும் வாத்தியத்தைத்தான் எடுத்தேன். ஈ கம்பி இறங்க இறங்க ஏ மட்டும் அசையாமல் நிற்கிறதே, அந்த இடத்தில் முதல் தடவையாக "அட, ப்ளூஸ்!" என்று தோன்றியது. மிக்க நன்றி.

ஆனாலும் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. அது ஜி கம்பியைத் தொட்டால் மேலே இருக்கும் சத்தம் வருகிறது. நான் தேடுவது கீழே இருக்கும் சத்தம்.


தந்திமீட்டி | ஞாயிறு, காலை 9:50

அப்படியென்றால் உங்களுக்கு லோ ஜி வேண்டும். நேற்று இதை உடனே சொல்லாமல் விட்டதற்குக் காரணம், எல்லாருக்கும் அது வேண்டியதில்லை. கட்டைவிரலைப் பற்றி நீங்களாகக் கேட்பதால் சொல்கிறேன்.

லோ ஜி வந்தால் இன்னொரு கீ திறக்கும்: ஜி. ஷஃபில் என்கிற துள்ளல் நடையை இப்படிப் பாருங்கள். திறந்த லோ ஜி-யோடு சி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட். அடுத்த அடியில் அதே லோ ஜி-யோடு நான்காம் ஃப்ரெட். இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு. ஐந்தாவது, ஆறாவது, ஐந்தாவது, ஆறாவது. நாலாம் கார்டான சி-க்குப் போகும்போது திறந்த சி-யோடு ஈ கம்பியின் 3, 5. ஐந்தாம் கார்டான டி-க்கு சி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தியபடியே ஈ கம்பியின் 5, 7. கிட்டாரில் ஏ கீயில் திறந்த கம்பிகளை வைத்துப் போடுகிற அதே நடை, இங்கே இரண்டு விரலில்.

இதை ஹை ஜி-யில் போட்டால் ஜி மேலேயும் டி கீழேயும் வந்து தலைகீழாகும். கேட்க இனிமைதான், ஆனால் தரை இல்லாத வீடு.


கனடாக்குளிர் | ஞாயிறு, பிற்பகல் 1:05

ஹை ஜி சார்பாக ஒரு குரலாவது எழவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ப்ளூஸ் என்றால் கட்டைவிரல் மட்டும்தானா? கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்வதும் ப்ளூஸ்தான். ஹை ஜி-யில் ஜி கம்பியும் ஏ கம்பியும் சுருதியில் ஒரு முழு ஸ்வர இடைவெளியில் அக்கம்பக்கம் நிற்கின்றன. ஜி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் திறந்த ஏ-யோடு ஒரே ஸ்வரம், இரண்டு கம்பியில். அதைக் கொஞ்சம் தாழ்விலிருந்து சறுக்கிக் கொண்டுவந்து சேர்த்துப் பாருங்கள், இரண்டு குரல்கள் முட்டிக்கொள்ளும். லோ ஜி போட்டவர்களுக்கு இது கிடைக்காது.

யுகுலேலேயில் ப்ளூஸ் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த விசித்திரமும் இல்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபிராங்க்ளின் கவுண்டியில் ராபிட் மியூஸ் என்று ஒரு கறுப்பினக் கலைஞர் இருந்தார். வாழ்நாள் முழுக்க யுகுலேலேயில் ப்ளூஸ் பாடியவர், 1970களில் இசைத்தட்டும் வெளியிட்டார். தேடிக் கேளுங்கள். இப்போது வாசிப்பவர்களில் டெல் ரே என்ற பெண் கலைஞரின் கை அபாரம்.

இன்னொன்று, இங்கே கனடாவில் சால்மர்ஸ் டோன் தொடங்கிவைத்த பள்ளி முறையில் யுகுலேலே கற்றவர்களுக்குக் கை பழகியது ஏ-டி-எஃப் ஷார்ப்-பி. எல்லாக் கம்பியும் ஒரு முழு ஸ்வரம் மேலே. பழைய காலத்து அமெரிக்க யுகுலேலே புத்தகங்களிலும் இதுதான் வரும். சின்ன அளவான சோப்ரானோவில் பளீர் என்று இருக்கும். ஆனால் ப்ளூஸுக்கு நான் எதிர்த்திசையில் போவேன்: எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குவேன். எஃப் ஷார்ப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். குரல் கொஞ்சம் கனத்துவிடும், வளைக்கவும் சுலபம். செலவு எதுவும் இல்லை.


அளவுகோல் | ஞாயிறு, மாலை 6:30

அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், முழு ஸ்வரம் இறக்கினால் 21 சதவீதம். மேலே சொன்னது சரிதான்.

கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கும் என்பதால் லோ ஜி-யையும் போட்டுப் பார்த்தேன். வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கான்சர்ட் அளவில் லோ ஜி ஒரு தொல்லை பிடித்த கம்பி.

கான்சர்ட்டில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளக்கட்டை) பிரிட்ஜ் (உடம்பின்மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை சுமார் 38 செ.மீ. அரை மி.மீ. தடிமனுள்ள ஃபுளூரோகார்பன் ஏ கம்பி, 440 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4 கிலோ இழுவையில் நிற்கும். 0.86 மி.மீ. சி கம்பியும் அதே அளவுதான். இப்போது லோ ஜி, 196 ஹெர்ட்ஸ். 0.91 மி.மீ. கம்பி போட்டால் வெறும் 2.6 கிலோ. பக்கத்துக் கம்பிகள் 4 கிலோவில் இறுக்கமாக இருக்க, இது மட்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். கட்டைவிரலால் ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் மோதும். 4 கிலோ வரவேண்டுமானால் 1.1 மி.மீ. தடிமன் தேவை. நைலானில் அதே வேலைக்கு 1.4 மி.மீ. ஆகும், காரணம் நைலான் எடை குறைந்த பொருள்: ஒரு கன செ.மீ.க்கு 1.14 கிராம், ஃபுளூரோகார்பன் 1.78 கிராம். அவ்வளவு தடித்த கம்பி மந்தமாக ஒலிக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியும் விலகும்.

கான்சர்ட்டை விடப் பெரிய டெனரில் நீளம் 43 செ.மீ. அங்கே 0.91 மி.மீ. கம்பியே 3.4 கிலோவுக்கு வந்துவிடும், 1 மி.மீ. போட்டால் 4 கிலோ. டெனர் வைத்திருப்பவர்கள் சுற்றில்லாத லோ ஜி-யைப் புகழ்வதற்கும் கான்சர்ட் வைத்திருப்பவர்கள் திட்டுவதற்கும் இதுதான் காரணம், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். சோப்ரானோவில் முயற்சியே வேண்டாம்.

எனவே கான்சர்ட்டில், கட்டைவிரலுக்கு எதிர்த்து நிற்கும் லோ ஜி வேண்டும் என்றால் உலோகம் சுற்றியதுதான். உலோகத்தின் எடை, தடிமனைக் கூட்டாமலே இழுவையைக் கொடுக்கும்.


மரப்பெட்டி | ஞாயிறு, இரவு 9:10

கொடி மாதிரி என்றதும் புரிந்துவிட்டது. ஆனால் சுற்றிய கம்பியில் விரல் நகரும்போது கீச்சென்று கத்துமே?


தந்திமீட்டி | ஞாயிறு, இரவு 9:40

கத்தும். ஷஃபிலில் அந்தக் கம்பி பெரும்பாலும் திறந்தே ஒலிப்பதால் விரல் அதில் ஓடும் வேலை குறைவு. பளபளப்பாக மெருகேற்றிய சுற்று, தட்டையான சுற்று என்று தனியாக விற்பார்கள், அவற்றில் கீச்சொலி ரொம்பவே குறையும். சாதாரண உருண்டைச் சுற்று வேண்டாம், அது ஃப்ரெட்டையும் அராவும்.

ஜி மட்டும் ஒற்றையாக வாங்கினால் போதும். மற்ற மூன்றுக்கும் ஃபுளூரோகார்பன் போடுவது என் தேர்வு. மெல்லியது, ஒலி தெளிவாக நீளும், ஈரக்காற்றில் நைலான் மாதிரி ஊறிச் சுருதி மாறாது. உங்களிடம் இருக்கும் வெள்ளைக் கம்பி, பழைய ஆட்டுக்குடல் நரம்பின் எடையைப் பார்த்துச் செய்த செயற்கைப் பொருளாக இருக்கலாம். அதன் ஒலியும் மோசமில்லை, அவசரப்பட்டு எல்லாவற்றையும் கழற்றவேண்டாம். நைலானின் வெதுவெதுப்பு பிடிக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ப்ளூஸில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அது தேய்ந்து போவதைக் காத்திருந்து கேட்கவேண்டியிருக்கிறது. நைலான் அதற்குள் அடங்கிவிடுகிறது.


வீணைவீடு | திங்கள், காலை 7:20

வளைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. குறை உங்கள் விரலில் இல்லை.

எங்கள் வீட்டில் வீணை உண்டு. சிறு வயதிலிருந்து ஒரே மெட்டில் (வீணையின் ஃப்ரெட்) கம்பியை இழுத்து மூன்று, நான்கு ஸ்வரம் மேலே போகும் கை. அந்தத் தைரியத்தில் யுகுலேலேயை எடுத்து அதே மாதிரி இழுத்தேன். கால்வாசி ஸ்வரம் நகர்ந்தது, அவ்வளவுதான். வீணையில் இருப்பது எஃகு. எஃகுக் கம்பி தன் இழுவிசைக்கு வந்து சேரக் கொஞ்சமே நீள்கிறது, ஆகவே பக்கவாட்டில் நாம் சேர்க்கும் சிறு நீட்டமும் அதற்குப் பெரிய விஷயம். நைலானும் ஃபுளூரோகார்பனும் ஏற்கெனவே நிறைய நீண்டு நிற்பவை. நாம் இழுப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. அரை ஸ்வரம் இறக்கினால் வளைக்க எளிது என்று மேலே ஒருவர் சொன்னது இதனால்தான் பலிக்கிறது: இழுவை குறைந்தால் நாம் சேர்ப்பதன் பங்கு கூடும்.

எனவே முழு ஸ்வரம் வளைப்பதை மறந்துவிடுங்கள். கால் ஸ்வரத்தைக் குறிவையுங்கள். ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சி-யை வைத்து, மீட்டிய பிறகு லேசாக உள்ளே தள்ளுங்கள். சி ஷார்ப் வரை போகாது, போகவும் வேண்டாம். ப்ளூஸ் பாடகர்கள் தொண்டையில் நிற்கும் இடம் அந்த நடுவழிதான். பெரிய தாவல் வேண்டும் என்றால் வளைக்காமல் சறுக்குங்கள்: ஒரு ஃப்ரெட் முன்னால் மீட்டி, அழுத்தம் குறையாமல் நகர்த்துங்கள். வீணையில் ஜாரு என்போம். அந்தக் கை யுகுலேலேயில் நன்றாகவே உட்காருகிறது.

அசைவுக்கு கம்பியைக் குறுக்கே ஆட்டாமல் கம்பியின் நீளவாக்கில், பிரிட்ஜ் பக்கமும் நட் பக்கமுமாக விரலை உருட்டுங்கள். இந்த வகைக் கம்பிகளில் இதற்கு நல்ல பலன் உண்டு, அதுவும் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே.


இரவுவண்டி | திங்கள், இரவு 11:50

பாரிடோன் பற்றிய கேள்வி அப்படியே கிடக்கிறது. நான் பாரிடோன்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாரிடோனின் டி-ஜி-பி-ஈ, கிட்டாரின் மேல் நாலு கம்பியேதான். நீங்கள் இப்போது ஏ-யில் பழகியிருக்கும் 0-1-0-0, 2-0-2-0, 1-2-0-2 பிடிகளை விரல் மாற்றாமல் பாரிடோனில் வையுங்கள். ஈ7, ஏ7, பி7 ஆகிவிடும். கிட்டார்காரர்களின் ஈ கீ ப்ளூஸ்! நீங்கள் செய்த பயிற்சியில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை, பாரிடோன் எப்போது வந்தாலும் அது காத்திருக்கும்.

ஆனால் பாரிடோனை நான் விரும்புவது அதற்காக மட்டும் இல்லை. ஈ கம்பியை ஒரு ஸ்வரம் இறக்கி டி ஆக்குங்கள். டி-ஜி-பி-டி. டெல்டாவில் ஸ்பானிஷ் ட்யூனிங் என்று சொன்ன டி-ஜி-டி-ஜி-பி-டி-யின் மேல் நாலு கம்பி உங்கள் மடியில் இருக்கிறது. சன் ஹவுஸும் ராபர்ட் ஜான்சனும் கைவைத்த ட்யூனிங். விரலே வைக்காமல் மீட்டினால் ஜி கார்ட். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஸ்லைடை (விரலில் மாட்டிக் கம்பிமேல் சறுக்கும் குழாய்) வைத்தால் சி, ஏழாம் ஃப்ரெட்டில் டி. பன்னிரண்டு பார் முழுவதும் மூன்று இடம்தான். வெஸ்டபோல் என்கிற ஓபன் டி வேண்டுமானால் அதுவும் உண்டு: ஜி-யை அரை ஸ்வரம், பி-யை ஒரு ஸ்வரம், ஈ-யை ஒரு ஸ்வரம் இறக்கினால் டி-எஃப் ஷார்ப்-ஏ-டி. எல்லாமே இறக்குவதுதான், எதையும் ஏற்றி முறுக்கவேண்டியதில்லை என்பதால் கம்பி அறுமோ என்ற பயமும் இல்லை.

மரப்பெட்டி, நீங்கள் பாரிடோன் வரும்வரை காத்திருக்கவேண்டாம். உங்கள் ஏ கம்பியை ஜி-க்கு இறக்குங்கள். ஜி-சி-ஈ-ஜி. இடைவெளிகள் அச்சாக அதே ஸ்பானிஷ் அமைப்பு, சி கீயில். ஆனால் லோ ஜி போட்ட பிறகு செய்தால்தான் அந்த அச்சு முழுசாக வரும்.

ஸ்லைடு கண்ணாடியில், லேசானதாக இருக்கட்டும். கனமான பித்தளைக் குழாய் நைலானை ஃப்ரெட்டோடு சேர்த்து நசுக்கிவிடும். சுண்டுவிரலில் மாட்டுங்கள், மற்ற விரல்களை ஸ்லைடுக்குப் பின்னால் கம்பியில் பட்டும் படாமலும் வையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கமும் சேர்ந்து ஒலிக்கும். ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிறுத்துங்கள், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே அல்ல.

இந்த ஸ்லைடு விஷயத்தில் நம் சின்ன வாத்தியத்துக்கு ஒரு உரிமையும் உண்டு. 1879இல் மதேராவிலிருந்து ராவன்ஸ்கிராக் கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய போர்த்துகீசியத் தொழிலாளிகள் கொண்டுவந்த சின்னக் கிட்டார்தான் அங்கே யுகுலேலே ஆனது. அதே ஹவாயில் ஜோசப் கெக்குகு மடியில் கிட்டாரைக் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் முறையை வளர்த்தார். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னரே, 1903 வாக்கில், மிசிசிப்பியின் டுட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கம்பியில் வைத்து வாசித்ததைக் கேட்ட ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, பிற்பாடு அதை எழுதும்போது ஹவாய் கிட்டார்காரர்களோடுதான் ஒப்பிட்டார். யுகுலேலேயில் ஸ்லைடு ப்ளூஸ் வாசிப்பது இரண்டு சொந்தக்காரர்களை ஒரே திண்ணையில் உட்காரவைப்பது மாதிரி என்று எனக்குத் தோன்றும்.


மரப்பெட்டி | செவ்வாய், காலை 6:55

இரவுவண்டி அண்ணா, இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம்: வளைக்க எஃகுதான் சரி என்றால் எஃகுக் கம்பியையே யுகுலேலேயில் போட்டால் என்ன?


இரவுவண்டி | செவ்வாய், காலை 7:30

போடாதீர்கள். தயவுசெய்து.

நான் போட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், கடையில் "இதெல்லாம் தாங்கும்" என்று சொன்னதை நம்பி, டெனரில் கிட்டாரின் மெல்லிய எஃகுக் கம்பிகளை மாட்டினேன். இரண்டு நாள் ஒலி பிரமாதம். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வீங்கியிருந்தது, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி. உள்ளே கையை விட்டுத் தடவினால் பலகையின் கீழே ஒட்டியிருந்த குறுக்குச் சட்டம் ஒரு முனையில் விட்டிருந்தது. நைலானுக்காக மெல்லியதாக இழைத்த பலகை அது. அந்த வாத்தியம் திரும்ப எழவே இல்லை.

எஃகு மாதிரி குரல் வேண்டும் என்றால் உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் யுகுலேலே இருக்கிறது. 1920களின் கடைசியில் நேஷனல் கம்பெனி உலோக உடம்போடு செய்தது. அதிலும் பெரும்பாலானோர் போடுவது நைலான் வகைதான், கூம்புதான் அந்தத் தகர நெடியைக் கொடுக்கிறது.


கனடாக்குளிர் | செவ்வாய், மாலை 5:40

படிக்கவே வயிறு பிசைகிறது. குளிர்காலத்தில் இங்கே ஹீட்டர் ஓடும் வீட்டில் இன்னொரு விதத்தில் பலகை போகும்: காய்ந்து வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் கொடுக்கும் பை ஒன்று வையுங்கள், குளிர் நாட்டில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும்.


மரப்பெட்டி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:20

திரும்பி வந்துவிட்டேன்.

மெருகேற்றிய சுற்றுள்ள லோ ஜி ஒற்றையாக வாங்கினேன், மற்ற மூன்றுக்கும் ஃபுளூரோகார்பன். மாட்டிய அன்றைக்கு நொந்துபோனேன். ஜி கம்பி நட்டில் உட்காரவே இல்லை. ஹை ஜி-க்கு வெட்டிய பள்ளம் குறுகலானது, புதுக் கம்பி விளிம்பில் ஏறி நின்றது. இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏ வரவேண்டிய இடத்தில் ட்யூனரின் முள் வலது பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. திறந்த கம்பி சரி, அழுத்திய கம்பி தப்பு. கம்பியைக் குறை சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நட் கண்ணில் பட்டது.

பழைய கிட்டார் செட்டிலிருந்து ஒரு சுற்றுக் கம்பித் துண்டை எடுத்து, பள்ளத்தில் வைத்து அரம் மாதிரி இழுத்தேன். பத்து இழுப்பு, நிறுத்திக் கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி பத்து. தலைப்பக்கமாகக் கொஞ்சம் சரிவு கொடுத்தேன். மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு தாளளவு ஆனதும் நிறுத்திவிட்டேன். இப்போது இரண்டாம் ஃப்ரெட்டில் முள் நடுவில் நிற்கிறது.

புதுக் கம்பிகள் நான்கைந்து நாள் இறங்கிக்கொண்டே இருந்தன, காலையிலும் மாலையிலும் ஏற்றி வைத்தேன். சுற்றிய ஜி மட்டும் சீக்கிரம் அடங்கியது. பிறகு கனடாக்குளிர் சொன்னபடி மொத்தத்தையும் அரை ஸ்வரம் இறக்கிப் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன். என் குரலுக்கும் அதுதான் பொருந்துகிறது.

ஜி-சி-ஈ-ஜி இறக்கி ஸ்லைடும் முயன்றேன். என் வாத்தியத்தில் கம்பிகள் ஃப்ரெட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பாரிடோன் வரும்வரை எடுத்து வைக்கிறேன், காசு சேர்க்கத் தொடங்கியாயிற்று.


அளவுகோல் | ஞாயிறு, இரவு 8:45

தாளளவில் நிறுத்தினீர்களே, அங்கேதான் பலர் இன்னும் நாலு இழுப்பு இழுத்து நட்டைக் கெடுத்துக்கொள்வார்கள். நல்ல கை.


தந்திமீட்டி | ஞாயிறு, இரவு 9:05

ஷஃபில் எப்படி இருக்கிறது? ஜி கீயில் திரும்பி வரும் இடத்துக்கு என்ன போடுகிறீர்கள்? ஏ-யில் காட்டியது அங்கே ஒத்துவராதே.


மரப்பெட்டி | ஞாயிறு, இரவு 9:30

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், நட் கதையில் மறந்துவிட்டது.

ஷஃபில் வாசித்துக்கொண்டிருந்தபோது சி கம்பியில் நான்காம் ஃப்ரெட்டிலிருந்த விரல் தவறி ஐந்துக்குப் போனது. எஃப். கார்ட் ஜி7 ஆகிவிட்டது. அங்கிருந்தே ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கினேன்: 5, 4, 3, 2. எஃப், ஈ, ஈ ஃபிளாட், டி. ஏ கீயில் நீங்கள் ஈ கம்பியில் காட்டிய அதே இறக்கம்! அங்கே மேலே ஏ கம்பி அசையாமல் நின்றது, இங்கே கீழே லோ ஜி நிற்கிறது, அதை அடிப்பது கட்டைவிரல். இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வந்ததும் கை ஏற்கெனவே டி7-இன் பாதியில் இருக்கிறது, 2-2-2-3 என்று மிச்ச விரல்களை வைத்தால் சுற்று முதலுக்குத் திரும்புகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் மட்டும் நாற்பது தடவையாவது போட்டிருப்பேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து, "யாருடா கூட வாசிக்கிறது?" என்று கேட்டார்.